தெரியாது என்று சொன்னவர்

பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளுக்காக நீதிமன்றத்தில் வாதாடும் சிறிய அமைப்பொன்றை கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வழக்கறிஞர் அம்மா நடத்தினார். நான் அங்கே மொழிபெயர்ப்பாளர். அவருக்குக் குட்டையாக வெட்டிய நரைமுடி, கசங்கிய பருத்திச் சேலை. எந்தப் பிள்ளையோடும் தரையில் குந்தியிருந்துதான் கதைப்பார்.

ஒருநாள் கொட்டாஞ்சேனைச் சகோதரிகள் இருவரை வெவ்வேறு வளர்ப்புக் குடும்பங்களிடம் அனுப்ப உத்தரவாயிற்று. ஒன்றாக வைத்திருக்கும்படி அவர் எவ்வளவோ வாதாடியும் பலிக்கவில்லை. வெளியே வந்ததும் எட்டு வயது மூத்தவள் கேட்டாள்: "தங்கச்சிய எப்ப பாக்கலாம் மிஸ்?"

"எனக்குத் தெரியாதம்மா. விடாமக் கேட்டுக்கொண்டிருப்பன்," என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "கெதியில, கொஞ்ச நாளிலயே பாக்கலாம்," என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டேன்.

பிறகு அவரிடம் கேட்டேன்: "ஆறுதலா ஒரு வார்த்தை சொன்னா என்ன மெடம்?"

"இதுவரைக்கும் எல்லாரும் அவளுக்கு அதைத்தான் சொன்னவை," என்றார். குரலில் கோபமில்லை, களைப்புத்தான்.

அடுத்த மாதம் மூத்தவளைப் பார்க்க நுகேகொடையில் அவளது வளர்ப்புக் குடும்பத்தின் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தவள், தங்கை வந்திருக்கிறாளா என்று என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. என்னோடு ஒரு வார்த்தையும் பேசாமல் அந்த அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.