நெஞ்சுச்சளியும் ஒரு கிண்ணம் ஸ்லைமும்

முதலில் வந்தது இருமல் இல்லை, சத்தம்தான். மோட்டார் சைக்கிளில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து சாய்ந்திருந்த மகள் ஷாலினியின் நெஞ்சு கரகரத்தது. குனோங் ராபாட்டில் எங்கள் வீடு போய்ச் சேரும்வரை அது என் முதுகில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மூச்சுக்குழாய் விரிவு (காற்றுப் போகும் குழாய்கள் தளர்ந்து, சளி தேங்கும் நோய்) என்றார் டாக்டர். முழுதாகத் தீராது. சளியை நாள்தோறும் வெளியே எடுத்துவிட்டால் ஓடியாடலாம். தேங்கினால் கிருமி சேரும், மறுபடியும் வார்டுதான். இரண்டு முறை படுத்து எழுந்ததிலேயே வீட்டில் எல்லாரும் ஓய்ந்துபோயிருந்தோம்.

காலையும் மாலையும் தலையணைமேல் கவிழ்த்து, கையைக் குவித்து அவள் முதுகைத் தட்டுவேன். சளி மேலே வரும். அவளோ விழுங்கிவிடுவாள். பள்ளியில் ஒருமுறை டிசு தாளில் துப்பியபோது, பிள்ளைகள் "ஈ... கெலி!" என்று அருவருத்து ஓடினார்களாம். அதோடு வாயை மூடிக்கொண்டவள்தான்.

தட்டும் முறையைச் சொல்லிக்கொடுத்த பிஸியோ (உடற்பயிற்சியால் சிகிச்சை தருபவர்) இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "வீட்டுல ஸ்லைம் செய்யுங்கண்ணே. உள்ள இருக்கிறது என்னான்னு கையால தொட்டுப் பாக்கட்டும்."

வெள்ளைப் பசை, வெந்நீர், ஒரு சிட்டிகை சோடா மாவு, கண்ணில் போடும் லென்ஸைக் கழுவும் திரவம். எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் கலந்து பிசைந்தால் சளிபோல் வழவழக்கும் விளையாட்டுப் பசை கிடைக்கும். வாயில் வைக்கக் கூடாது, முடித்ததும் கை கழுவ வேண்டும்.

"சாப்பிடுற மேசைதான் கெடைச்சிச்சா ஒங்களுக்கு?" என்றாள் என் மனைவி மாலா.

லென்ஸ் திரவத்தை அதிகமாக ஊற்றிவிட்டேன், ரப்பர்போல் இறுகிவிட்டது.

"அப்பா, இது டயருலா!"

காலியான சில்லி சாஸ் போத்தலில் அதைத் திணித்து அமுக்கினாள் ஷாலினி. அசையவில்லை. வெந்நீரைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசைந்தோம். இப்போது மூக்குச் சிந்தும் சத்தத்தோடு வழிந்தது. விழுந்து விழுந்து சிரித்தாள்.

மாலா சிரிக்கவில்லை; வெந்நீர் பட்டதும் பசை இளகியதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சளி பிடித்தால் தண்ணீர் குளிர்ச்சி என்று குறைப்பது எங்கள் வீட்டு வழக்கம். நிறையக் குடிக்கச் சொன்ன டாக்டரையும், "அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவாரு" என்று ஒதுக்கியிருந்தாள். பள்ளிப் போத்தல் பாதிதான் நிறையும்.

"வெந்நியா குடிச்சா ஒன்னும் ஆவாதுல்ல?" என்று கேட்டபடியே குவளையை நிரப்பினாள்.

"எல்லாருக்கும் உள்ள இது இருக்காப்பா?"

"இருக்குமா. தூசியப் பிடிக்கிற பசை அது. ஒனக்குக் கொஞ்சம் கெட்டி, அவ்வளோதான்."

"அப்ப நான் அழுக்கு இல்லலா?"

மாலா அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்று மாலை டிசுவில் துப்பிக் காட்டினாள். வாயைத் திறக்க வைத்தது அந்தக் கிண்ணம்தான். நோயை அது எடுத்துவிடவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படியொரு பிள்ளை இருந்தால், களைப்பு போய்விடும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். எப்போது குணமாகும் என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். இந்த வேளை நெஞ்சு லேசானால் போதும்.

தட்டும்போது உள்ளே இளகுவது இப்போது என் உள்ளங்கைக்கே தெரிகிறது. அவளுக்கு அதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

"எடது பக்கம், கீழப்பா. இன்னும் இருக்கு."

கை கடுக்கிறது. மறுபடியும் குவித்துக்கொள்கிறேன்.