மூடப்பட்ட வட்டம்

‘வட்டத்தை மூடிவிட்டார்கள்.’ ஓணப் பரீட்சை முடிந்த மறுநாள், ஆறாம் வகுப்பு டைரியில் நான் எழுதியது இந்த ஒரே வரி.

இன்று சாலைக் கடைத்தெருவில், பழைய அச்சகம் இருந்த இடத்து செல்போன் கடையைத் தாண்டும்போது எங்கிருந்தோ மண்ணெண்ணெய் கலந்த மை வாசனை வந்தது. இயந்திரத்தின் தடதடப்பும், கொடியில் வெற்றுப் பின்புறம் காட்டிக் காயும் தாள்களும், அவற்றை வாசலிலிருந்தே எண்ணி எண்ணிப் பார்த்து நின்ற அக்காவும் என எல்லாம் நினைவுக்கு வந்தன.

பிலிம் சொசைட்டி திரையிடவிருந்த படத்துக்கு அக்கா வரைந்த முதல் போஸ்டர் அது. முகமே இல்லை, வெள்ளைத் தாளில் சிவப்புக் கோட்டால் ஒரு வட்டம், அதில் விரலளவு இடைவெளி. வட்டம்தான் வீடு, அந்த இடைவெளி வழியாகப் படத்தில் வரும் மனைவி வெளியேறுகிறாள் என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

கிழக்கேகோட்டைச் சுவர்களில் ஒட்டியபோது இடைவெளி இல்லை.

“வளையல் கடை பரஸ்யம் ஜோரா இருக்கேடி!” என்று எதிர்வீட்டு மாமா அதை வளையல் விளம்பரமாக்கி அக்காவிடம் சிரித்தார்.

“வட்டம்னா முழுசா இருக்கணும், கேட்டியா?” என்றார் அப்பா.

அக்கா பிறகு வரையவில்லை. தையில் அவளுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள்.

அச்சுக்காரர் பிழையென்று நினைத்துத் தானாகவே மூடினாரா, அக்கா வரைந்ததை அச்சகத்துக்குக் கொண்டுபோன அப்பா சொல்லி மூடினாரா? அப்பா இருந்தவரை நான் கேட்கவில்லை, இன்றுவரை உறுதியாகவில்லை.