சம்புப் புதரில் குருகு

ஆவடியில் ராணுவத்துக்கு உடுப்பு தைக்கிற தொழிற்சாலையில் நான் துணி பரிசோதிக்கிறவள். பச்சை, காக்கி, கறுப்பு என்று திட்டுத்திட்டாக அச்சடித்த துணி. எதிரி கண்ணுக்கே தெரியக் கூடாதென்று செய்த துணியில், எங்கே நூல் விட்டிருக்கிறது, எங்கே சாயம் தப்பியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள் என்று தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் என்னைப் பற்றிச் சொல்வார்கள். அதில் பாதி கிண்டல் என்று தெரியும். மீதிப் பாதி உண்மை என்பதும் எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் நெமிலிச்சேரிக்காரர். ஏரிக்குக் கீழே பயிர் வைத்த குடும்பம். இப்போது அந்த நிலமெல்லாம் வீடாகிவிட்டது, அவர் தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கடையைத் திறப்பதற்கு முன்னால் ஏரிக்கரைக்குப் போய் முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம் என்று பறவைகளுக்கு ஒரு வருகைப் பதிவு எடுத்துவிட்டுத்தான் வருவார். ஒன்றே ஒன்றுதான் அவருக்குக் குறை. தண்ணீரோரம் கோரை மாதிரி வளர்கிற சம்புப் புதருக்குள் ஒளிந்து நிற்கிற குருகு, கொக்கு ஜாதிப் பறவை. அது பயந்து பறந்து போகும்போது முதுகைப் பார்த்திருக்கிறார். கழுத்தை நீட்டி, மூக்கை வானத்தைப் பார்க்க வைத்து, தானும் ஒரு சம்பு என்று அது நிற்குமாம். அப்படி நிற்பதை அவர் பார்த்ததே இல்லை.

போன வருஷம் ஒரு நாள் காயில் சுற்றிக்கொண்டிருந்தவர், கம்பி நடுவில் காணாமல் போகிறது என்றார். நசரத்பேட்டையில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டே வருகிறது, ஊசி போட்டு வேகத்தைக் குறைக்கலாம், முழுசாக நிறுத்த முடியாது என்றார் டாக்டர். வெளியே வந்ததும் வீட்டுக்காரர் கடையை நினைத்துக் கலங்குவார் என்று பார்த்தேன். அவர் வண்டிப் பூட்டைத் தடவிக்கொண்டே சொன்னது வேறு.

"அந்தக் குருகு நிக்கிறத ஒரு தபா பாத்துடணும்மே."

மகளின் கல்லூரி முடிந்ததும் காஷ்மீர் போகலாம் என்று, ஊர் சுற்ற அரசாங்கம் கொடுக்கிற பயணச் சலுகையான என் எல்.டி.சி.யை எடுக்காமல் வைத்திருந்தேன். ராஜஸ்தானில் பரத்பூர் பூங்காவில் குருகைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டு, மறுநாளே அங்கே போக விண்ணப்பம் கொடுத்தேன். குருகைப் பார்க்க ராஜஸ்தானா, தாஜ்மகாலுக்குப் போய்விட்டு வா என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். தாஜ்மகால் எங்கேயும் ஓடிவிடாது என்றேன்.

ஜனவரிக் குளிரில் பரத்பூர் சதுப்புநிலப் பூங்காவுக்குள் சைக்கிள் ரிக்‌ஷாவில் போனோம். ரிக்‌ஷாக்காரர்தான் வழிகாட்டியும். குவார்ட்டர்ஸ் பள்ளியில் படித்ததால் எனக்கு இந்தி வரும். இவருக்குக் கண் சரியில்லை, மெதுவாகக் காட்டுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். சாரஸ் கொக்கு ஜோடியாக நடந்தது. மரம் மரமாக நாரைகள். பெரிய பறவைகளை வீட்டுக்காரர் ஒருவழியாகக் கண்ணில் பிடித்துவிட்டார். மற்றதற்கெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டு வந்தார். தெரியாததைத் தெரிந்த மாதிரி ஆட்டுகிற அந்த ஆட்டலை எனக்குத் தெரியும்.

ஒரு வாய்க்கால் ஓரம் ரிக்‌ஷா நின்றது. இந்தப் புதரில்தான் குருகு இருக்கும் என்று ரிக்‌ஷாக்காரர் தேட ஆரம்பிப்பதற்குள் நான் பார்த்துவிட்டேன். காய்ந்த சம்புத் தாள்களில் ஒன்று மட்டும் தேவைக்கு மேல் தடியாக இருந்தது. ரிக்‌ஷாக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டுக்காரருக்கு விரலை நீட்டிக் காட்டினேன். பைனாகுலர் கொடுத்தேன். தோளைப் பிடித்துத் திருப்பினேன். நேராகப் பாருங்கள், இன்னும் நேராக என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, பாத்துட்டேன், போலாம் என்றார்.

அங்கேதான் என் தொழில் புத்தி வேலை செய்தது. பார்க்காததைப் பாஸ் பண்ண எனக்கு வராது. எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கேட்டேன். அவர் பைனாகுலரை மடியில் வைத்தார்.

"தெரிலமே. நடுவுல ஒரே அழுக்காத்தான் கீது. உட்டுரு."

கேட்ட வாயைத் தைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆயிரம் மைலுக்கு மேல் கூட்டி வந்து, ரிக்‌ஷாக்காரர் முன்னால் அவரைப் பரீட்சை எழுத வைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தபோதுதான், நான் எப்படிப் பார்த்தேன் என்பதே உறைத்தது. மேசையில் துணி ஓடும்போது நான் எதையும் முறைத்துப் பார்ப்பதில்லை. முறைத்தால் எல்லாத் திட்டும் ஒன்றாகிவிடும். கண்ணை ஒரு ஓரத்தில் சும்மா போட்டு வைப்பேன். தப்பு இருந்தால் அது தானாகக் கடைக்கண்ணைப் பிடித்து இழுக்கும். இவருக்கும் போனது நடுதானே. ஓரம் நன்றாகத்தான் இருக்கிறது. இவ்வளவு நேரம் அவரை இல்லாத கண்ணால் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புதருக்கு வலது பக்கம் ஒரு வெள்ளைக் கொக்கு நின்றது. அதுதான் அங்கே பளிச்சென்று இருந்தது.

"குருகப் பாக்காதீங்க. அந்தக் கொக்கப் பாத்துக்கிட்டே இருங்க. அது தானா வரும்."

அவர் கொக்கைப் பார்த்தார். ரிக்‌ஷாக்காரர் பீடியைப் பற்ற வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். காற்று வந்தது. சம்புத் தாள்கள் அசைந்தன. குருகும் அவற்றோடு சேர்ந்து அசைந்தது. வீட்டுக்காரரின் கை என் முழங்கையை இறுக்கியது.

"ஆடுதுமே. மூக்க மேல வச்சிகினு ஆடுது." கொக்கிலிருந்து கண்ணை எடுக்காமலேயே மறுபடியும் சொன்னார். "ஒன்னு இல்ல. ரெண்டு கீது. பின்னாடி இன்னொன்னு, கீழ குனிஞ்சிகினு."

ஒன்றுதான் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். ரிக்‌ஷாக்காரரிடம் கேட்டேன். அவர் பைனாகுலரை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, இரண்டுதான் என்றார். நானும் பார்த்தேன். முறைத்துப் பார்த்தேன், முறைக்காமல் பார்த்தேன். எனக்கு அந்த இரண்டாவது குருகு கடைசி வரை தெரியவில்லை. தோற்றுப்போய் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை, அழுகை வந்துவிட்டது.

உங்கள் இருவரில் யாருக்குக் கண் சரியில்லை என்று சொன்னீர்கள் என்று ரிக்‌ஷாக்காரர் கேட்டார். இன்னா சொல்றாரு என்றார் வீட்டுக்காரர். அப்புறம் சொல்கிறேன் என்றேன். அவர் இன்னும் கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.