நாலும் நாலு விதம்

“அந்தக் காலத்துல இந்தக் காருக்கு இதே டிசைன்தாண்ணே,” என்று டயர்க்கடைக்காரர் ஒன்றை என் பக்கம் உருட்டிவிட்டார். அத்தாவின் பழைய காருக்கு டயர் தேடி போடி ஊர் முழுக்க அலைந்து கடைசியாக வந்த கடை. ஆனாலும் அந்தப் புது ரப்பர் வாசம் ஏறியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தா ஓட்டிய காலத்தில் இந்தக் காரில் அந்த வாசம் அடித்ததேயில்லை. புது டயரெல்லாம் குரங்கணி மலையேறும் ஏலக்காய் ஜீப்புக்குத்தான். “தரையில ஓடுறதுக்கு எதுக்குப் புதுசு?” என்பார். காருக்கு வாய்த்தவை தேய்ந்த டயரில் மேல்பட்டை மட்டும் மாற்றி ஒட்டிய ரீட்ரெட் டயர்கள், நாலும் நாலு விதம். ஒன்று முனகும், ஒன்று தடதடக்கும். மழை நாளில் அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்கும்வரை அம்மா அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டேயிருப்பாள். கேட்டதும், “அத்தா வந்தாச்சு, வெரசா தட்டை எடுத்து வை” என்று அப்படியே உட்கார்ந்துவிடுவாள்.

“உக்காருங்கண்ணே, எதுக்கு நடந்துக்கிட்டே இருக்கீங்க? நாலையும் மாட்டிரவா?”

அத்தா இப்போது இல்லை. கண் தெரியாமல் போன அம்மா, கார் வருமென்று வீட்டில் காத்திருக்கிறாள்.

“புதுசு வேணாம்ணே. ரீட்ரெட் கெடந்தா எடுங்க. நாலும் வேற வேறயா இருக்கணும்.”