தெரபி என்ற சொல்லும் மூதூர் லோஞ்சும்

நடக்க முடியாதவர்களை நடக்க வைப்பது என் தொழில். சண்டைக் காலத்தில், திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்தேன். கருவிகள் கொழும்பிலிருந்து வந்துகொண்டே இருந்தன; வந்து சேரவில்லை. ஆகவே பாதி வைத்தியம் வாயால்தான். இந்த வேலையில் அவதிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

கிரேக்கம் தெரிந்தவன்

பயிற்சிக் காலத்தில் நான் தூங்காமல் கேட்டது ஒரே ஒரு விஷயம். ‘தெரபி’ கிரேக்கத்திலிருந்து வந்த சொல். பக்கத்தில் இருந்து பணிவிடை செய்வது என்பதே பழைய பொருள். குணமாக்குவது என்பது பிறகு வந்து சேர்ந்தது. இதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வேன். குச்சவெளியிலிருந்து இடுப்பு வலியோடு பஸ்ஸில் வந்த பெரியவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“நல்ல கதை தம்பி. இடுப்புக்கு ஏதும் இருக்கோ?”

பங்கரில் முறிந்த கால்

செல்வராணி அக்கா மூதூரில் மீன் விற்பவர். ஷெல் சத்தத்துக்குப் பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் குதித்துக் காலை முறித்துக்கொண்டார். எலும்பு பொருந்திவிட்டது, பயம்தான் போகவில்லை. ஊன்றுகோலை விடவே மாட்டார். கூடையைச் சுமந்து தெருத் தெருவாக நடந்தால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். அதற்காகக் கிழமைக்கு ஒருமுறை லோஞ்சுப் படகில் குடாவைக் கடந்து என்னிடம் வந்தார். அவருக்கும் கிரேக்கம் சொன்னேன்.

“பக்கத்தில இருந்து பாக்கிறதெண்டால் நீங்களெல்லோ மூதூருக்கு வரவேணும்? நான் ஏன் இந்தக் காலோட கடல் தாண்டி வாறன்?”

நான் கடல் தாண்டியது

ரோஷம் வந்துவிட்டது. அடுத்த கிழமை நானே வருவதாகச் சொல்லி, சொன்னபடி லோஞ்சு ஏறினேன். கடல் எனக்கு ஒத்துவராது என்பது திருகோணமலையில் என் அன்புவழிபுரத்து வீட்டில் இருக்கும்வரை ஞாபகம் வரவில்லை. கடற்படைக்காரர் சோதனைக்காக நடுக்குடாவில் வேறு நிறுத்திவைத்தார்கள். மூதூரில் இறங்கியதும், தேநீர்க்கடைக் கதிரையில் எனக்காகக் காத்திருந்த அக்காவின் கண் முன்னாலேயே நிலத்தில் குந்தி வாந்தி எடுத்தேன்.

தண்ணீர் வந்தது. ஒரு கை என் நெற்றியைப் பிடித்தது, மற்றது முதுகைத் தடவியது. “நீங்கள் சொல்லித் தந்தமாதிரி மூச்சை ஆற இழுத்து விடுங்கோ தம்பி” என்றார் அக்கா. இரண்டு கையும் என்னில் இருந்தால் ஊன்றுகோல் எங்கே என்று நிமிர்ந்து பார்த்தேன். அது கடைக் கதிரையில் சாய்ந்து கிடந்தது. விரலால் காட்டினேன். அவரும் பார்த்தார், கண் கலங்கிவிட்டது. எனக்கும் கலங்கியது, வாந்தியால் என்று சமாளித்தேன்.

“அது அங்கயே கிடக்கட்டும். திரும்பிப் போகேக்கை உங்களுக்குத்தான் தேவைப்படும்.”

என் கையால் ஒரே நாளில் குணமானவர் அவர் ஒருவர்தான், அதற்கு நான் கொடுத்த தெரபி வாந்தி எடுத்தது மட்டுமே.