கோந்து அண்ணியும் ஜன்னல் அக்காவும்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால் தக்காளிக்குப் பக்கத்தில் அட்டைத் துண்டுகள் இருக்கும். இரண்டிரண்டாக ஒட்டிய சின்னத் துண்டுகள், ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் ஓர் எழுத்து. எந்தப் பசை குளிரில் விட்டுக்கொடுக்கிறது, எது தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்க அண்ணி வைத்தவை. ஒருமுறை நான் தெரியாத்தனமாக ஒன்றைக் குப்பையில் போட்டுவிட்டேன். அண்ணி குப்பைக் கூடையை ஹாலுக்குத் தூக்கிவந்து, செய்தித்தாளை விரித்துக் கொட்டி, வெங்காயத் தோலுக்கு நடுவில் அதைத் தேடி எடுத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அண்ணன் கல்யாணம் பண்ணிக்கொண்டது ஒரு பெண்ணை. வீட்டுக்கு வந்தது ஒரு பெண்ணும் ஒரு பசைக் கடையும். அவர் காதுபட நான் 'அண்ணி' என்பேன். முதுகுக்குப் பின்னால் 'கோந்து அண்ணி'. அவருக்கும் அது தெரியும். நாத்தனார் என்று ஒருத்தி இருந்தால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார்.

அண்ணிக்கு வேலை பேருந்து நிலையத்தில். பயணிகள் மறந்துவிட்டுப் போன பொருள்களை வாங்கிவைத்து, தேடி வருகிறவர்களிடம் திருப்பிக் கொடுக்கும் அறை. குடை, சாப்பாட்டுப் பாத்திரம், ஒற்றைச் செருப்பு, ஒருமுறை ஒரு பல் செட்டுகூட வந்தது. எந்த வண்டியில் கிடைத்தது என்று எழுதி ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டுவார்கள். அவர் சேர்ந்த புதிதில், ஒரு கோடையில், அலுவலகத்தில் வாங்கிக் கொடுத்த மட்டமான கோந்து காய்ந்து பொரிந்து, காலையில் கதவைத் திறந்தால் சீட்டெல்லாம் தரையில் கிடந்தது. அன்றைக்கென்று ஒரே கறுப்புக் குடைக்கு இரண்டு பேர் வந்து மல்லுக்கு நின்றார்கள். இரண்டு பேரும் தன்னுடையது என்று சத்தியம் பண்ணினார்கள். அண்ணி பொறுமை இழந்து குடையை விரித்துக் காட்டினார். உள்பக்கம் முழுக்க மஞ்சள் பூ. இரண்டு பேரும் வந்த வழியே போய்விட்டார்கள். கோந்துப் பைத்தியம் பிடித்தது அன்றைக்குத்தான்.

அதே அறையில் எதிர் மேசையில் இருந்தவர் ஜன்னல் அக்கா. பேருந்தில் ஜன்னல் ஓரம் கிடைக்காவிட்டால் அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்கு நிற்கிற ஆள். அதனால் அந்தப் பெயர். வயதில் மூத்தவர்தான், ஆனாலும் அண்ணிக்கும் அவருக்கும் வாடி போடிப் பழக்கம். மத்தியானத்தில் கூட்டம் குறைந்ததும் இருவரும் பழைய காலண்டரையும் காலாவதியான பேருந்து அட்டவணைகளையும் வெட்டி, பூவும் பறவையும் செய்து அட்டையில் ஒட்டுவார்கள். ஜன்னல் அக்கா ஓய்வு பெற்று, தூரத்து ஊரில் மகள் வீட்டோடு போய்விட்ட பிறகு அதுவே தபாலாக மாறியது. கார்டும் சொந்தக் கை வேலை, உறையும் சொந்தக் கை வேலை. இருவரிடமும் போன் உண்டு. ஆனால் போனில் கெட்ட செய்தி மட்டும்தான் என்று தங்களுக்குள் வைத்துக்கொண்டார்கள்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. வந்த கார்டில் ஏதாவது கழன்றிருந்தால், கழன்றதை அடுத்த உறையில் திருப்பி அனுப்ப வேண்டும். அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக் கூடாது. அங்கிருந்து ஓர் இதழோ ஓர் இறக்கையோ திரும்பி வந்தால் அண்ணிக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. எங்களில் யாராவது, "விடுங்க அண்ணி, ஒரு இதழ்தானே" என்று சொல்லிவிட்டால் போச்சு. அந்தப் பக்கத்து இலை கழன்று இங்கே வந்தாலோ, அண்ணி அதைச் சின்ன இடுக்கியால் எடுத்து உறைக்குள் போடும்போது முகத்தில் அப்படி ஒரு பிரகாசம் இருக்கும்.

தோற்கக் கூடாது என்றுதான் இத்தனை பரிசோதனையும். கூடவே இருந்து எனக்கும் பாதி படிப்பு வந்துவிட்டது. க்ளூ ஸ்டிக் அவசரத்துக்குச் சரி, ஆனால் மொறமொறப்பாகக் காய்ந்தால் ஓரம் தூக்கும். பாட்டில் வெள்ளைப் பசை பிடித்தால் விடாது, ஆனால் அதில் தண்ணீர் இருப்பதால் மெல்லிய காகிதம் அப்பளமாக நெளியும். பஞ்சர் ஒட்டுகிற ரப்பர் சொல்யூஷன் காகிதத்தை நெளிய விடாது, கொஞ்ச காலம் போனால் பழுப்புக் கறை காட்டிக்கொடுக்கும். மைதாப் பசை அருமையாக ஒட்டும், அதைத் தின்னப் பூச்சி வரும். இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பில் கை தவறி வைத்துவிட்டால் மன்னிப்பே கிடையாது. எதுவானாலும் அண்ணிக்கு ஒரே சட்டம்தான். ஒட்டி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பார். பசை கைக்குத் தட்டுப்பட்டால் அந்த வேலை குப்பைக்கு.

கடைசிப் பரீட்சை தபாலில். கார்டைத் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வார். ஒருநாள் தபால்காரர் வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.

"உங்களுக்கு எழுதறவங்க கையெழுத்தும் உங்க கையெழுத்தும் ஒரே மாதிரி இருக்கே மேடம்."

"நான்தாங்க போட்டேன்."

"உங்களுக்கு நீங்களேவா? எதுக்கு?"

"ஒட்டியிருக்கான்னு பாக்க."

அதன் பிறகு அந்த மனிதர் உறையைக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. அண்ணி பிரிக்கிறவரை நின்று, "ஒட்டியிருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணியின் போன் அடித்தது. திரையில் ஜன்னல் அக்கா பெயர். அண்ணி எடுக்கவே பயந்தார். நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னடி, யாருக்கு என்ன?" என்றார் அண்ணி.

"எனக்குத்தான். கண்ணு. நடுவுல கறுப்பா ஒரு வட்டம் வந்துடுச்சு. ஓரத்துல மட்டும் மங்கலா தெரியுது. இனிமே இப்படித்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"ஏன்டி முன்னாடியே சொல்லல?"

"சொன்னா நீ தூங்க மாட்ட. இங்க பாரு, இனிமே கார்டு அனுப்பாத. போன தடவ வந்தத மருமகன் பிரிச்சு, செவப்புப் பூ இருக்கு அத்தை, பச்சை இலை இருக்கு அத்தைன்னு படிச்சுக் காட்டினாரு. நல்ல பையன்தான். ஆனா உன் கார்ட அடுத்தவங்க வாயால கேக்கறதுக்கு, அது வராமலே இருக்கலாம்."

அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். அண்ணன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அண்ணி குடிக்கவில்லை.

"கழன்றத இனிமே யாரு பாத்து அனுப்புவா?" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அந்த மருமகனுக்கு இந்த ஏற்பாடெல்லாம் தெரியாது. உறையில் ஏதாவது உதிர்ந்து கிடந்தால் தூசி என்று உதறிவிடுவார். இத்தனை வருஷப் பழக்கம் இப்படி ஒரு போனில் முடிந்துபோகிறதே என்று இருந்தது. அந்த வாரம் ஃப்ரிட்ஜில் தக்காளி மட்டும் இருந்தது. காலியாக இருந்த அந்த இடத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு. வாய்விட்டுச் சொன்னால் கௌரவம் என்னாவது?

அடுத்த வாரம் ஒரு மாலை அண்ணி மேசையைச் சுத்தம் செய்தார். எப்போதோ சிந்திய வெள்ளைப் பசை ஒரு கோடாகக் காய்ந்து கெட்டியாகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டப் போனவர் நின்றுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கோட்டின் மேலேயே விரலை ஓட்டினார். முன்னும் பின்னுமாக ரொம்ப நேரம்.

"இங்க வாயேன்," என்று என்னைக் கூப்பிட்டார். "கண்ண மூடிட்டு இதத் தொடு. எங்க வளையுது?"

"முடியற இடத்துல. தூண்டில் மாதிரி."

"அவளுக்கு விரல் நல்லாத்தானே இருக்கு," என்றார் அண்ணி.

அன்றைக்கே க்ளூ கன் வாங்கிவந்தார். சூட்டில் உருகி, வைத்த இடத்தில் புடைத்துக்கொண்டு உடனே இறுகுகிற பசை. அதில் ஒரு பூனை வரைந்தார். அருமையான பூனை. மீசைகூடக் கைக்குத் தட்டுப்பட்டது. எல்லாவற்றையும் தனக்கு ஒருமுறை அனுப்பிப் பார்க்கிறவர், அவசரத்தில் இதை மட்டும் நேராக அங்கே அனுப்பிவிட்டார். அதுதான் அவர் செய்த தப்பு. எங்கள் தெருமுனைத் தபால் பெட்டி இரும்பு. உச்சி வெயில் நேராக அதன் தலையில்தான் இறங்கும்.

மறுபடி போன் வந்தது.

"உள்ள உருகி உறையோட ஒட்டிக்கிச்சுடி. பிரிக்கவே முடியல. மருமகன் கிழிச்சுத்தான் எடுத்தாரு. ஒண்ணுமே மிஞ்சல. நான்தான் விட்டுடுன்னு சொன்னேன்ல?"

"இன்னும் ஒரே ஒரு தடவ."

"சரி, உனக்காக ஒரே தடவ. இதுக்கு மேல கிழிஞ்சு வர்றத என்னால தாங்க முடியாது."

அடுத்ததும் வீணானால் அதோடு எல்லாம் முடிந்தது என்று எங்களுக்கும் புரிந்தது.

ஃப்ரிட்ஜ் திரும்ப நிறைந்தது. கூடவே ஜன்னல் திட்டு, குளியலறை அலமாரி, அண்ணனுடைய ஸ்கூட்டர் டிக்கி. வெயிலுக்குத் தாங்குவது வெள்ளைப் பசைதான் என்று முடிவானது. ஆனால் அது காயக் காய வற்றி, புடைத்த கோடு தட்டையாகிவிடும். மேலே மேலே பூசிப் பார்த்தார். ஓரங்கள் கலங்கின. கடைசியில் என் தையல் பெட்டியைக் கேட்காமல் திறந்து, தடித்த பருத்தி நூலை எடுத்து, பசையில் ஊறவைத்து, கெட்டி அட்டையில் கோடாகப் பதித்து, மேலே எண்ணெய் தடவிய காகிதம் போட்டு, அரிசி டின்னுக்கு அடியில் வைத்தார். காய்ந்த பிறகு நகத்தால் பிறாண்டினாலும் அசையவில்லை. தையல் பெட்டி விஷயத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன். சரித்திரத்தில் முதல் தடவை.

அடுத்து அண்ணனின் கண்ணைத் துண்டால் கட்டி உட்காரவைத்தார்.

"தொட்டுப் பாத்துச் சொல்லுங்க."

"பன்னு."

"பஸ்ங்க அது."

"பஸ்ஸுக்குச் சக்கரம் எங்க?"

"அதோ, உங்க கட்டை விரலுக்குக் கீழ."

"அது சக்கரமா? திராட்சைன்னு நெனச்சேன். திராட்சை பன்னு."

நான் சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை. கண்ணுக்கு வரைவதை விரலுக்கு வரையக் கூடாது என்று அன்றைக்குக் கண்டுபிடித்தார். ஒரு பார்வையில் கண் பத்துக் கோட்டைப் பிடித்துவிடும். விரல் ஒவ்வொரு கோடாக நடந்து போக வேண்டும், பாவம். கோடுகளைக் குறைத்துக்கொண்டே வந்தார். பஸ் போயிற்று, பறவை போயிற்று. கடைசியில் ஒரு குடை நின்றது. மேலே ஒரு வளைவு, உள்ளே சில கம்பிகள், கீழே கொக்கியாக வளைந்த பிடி.

அண்ணன் தொட்ட உடனே, "குடை," என்றான். நானும் கண்ணை மூடித் தொட்டேன். குடைதான். தன் பெயருக்கு அனுப்பிப் பார்த்த கார்டும் சுருக்கமில்லாமல் வந்து சேர்ந்தது. தபால்காரரையும் விடவில்லை. அவர் பையைத் தோளில் மாட்டியபடியே கண்ணை மூடித் தடவிவிட்டு, "குடை. எங்க வீட்டுலயும் ஒண்ணு தொலைஞ்சுபோச்சு மேடம், வந்தா எடுத்து வைங்க," என்றார்.

அண்ணி புதிதாக இன்னொன்று செய்து ஜன்னல் அக்காவுக்கு அனுப்பினார். வெயில் இறங்கிய பிறகு போய்ப் பெட்டியில் போட்டார். அதன் பிறகு தினமும் கதவுச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே சமைத்தார். உப்பு ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது. போன் அடித்தால் எல்லோருக்கும் பக்கென்றது. நல்லவேளை, அழைத்ததெல்லாம் வேறு ஆட்கள்.

ஒரு சனிக்கிழமை தபால்காரர் வந்தார். கையில் ஓர் உறை. பார்த்ததும் எனக்கு வேதனையாக இருந்தது. மூடி கோணலாக மடிந்திருந்தது. ஓரமெல்லாம் பசை வழிந்து காய்ந்திருந்தது. அந்தப் பசையில் ஒரு கட்டை விரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. விலாசம் மட்டும் மருமகன் கையெழுத்து. அண்ணியின் சட்டப்படி நேராகக் குப்பைக்குப் போக வேண்டிய உறை. அண்ணி அதைக் கிழிக்காமல், ஓரத்தைக் கத்தி முனையால் மெல்ல நெம்பித் திறந்தார்.

உள்ளே ஓர் அட்டை. அதில் பசை நூலால் ஒரு கட்டம், குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. எதுவும் நேராக இல்லை.

"என்ன அண்ணி இது, பெட்டியா?" என்றேன்.

அண்ணி கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை தடவினார். "ஜன்னல்," என்றார்.

உறையை உள்ளங்கையில் கவிழ்த்துத் தட்டினார். நகக்கண் அளவுக்கு ஒரு நூல் துண்டு விழுந்தது. கொக்கியாக வளைந்து இறுகிப்போன நூல். குடைப்பிடியின் நுனி. அத்தனை பரீட்சையும் தாண்டி, அந்த ஒரு நுனி மட்டும் வழியில் கழன்றிருக்கிறது. உதறி எறியத் தெரிந்த மருமகனுக்கு அது தூசி. அக்காதான் குடையை விரலால் முழுசாக நடந்து பார்த்திருக்கிறார். பிடி பாதியில் நிற்பது தெரிந்து, உறைக்குள் துழாவித் துண்டை எடுத்திருக்கிறார். எடுத்ததைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒரு வார்த்தை எழுதவில்லை.

அண்ணிக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. எனக்கும்தான், எனக்கென்ன வெட்கம்.

தபால்காரர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஒட்டலையா மேடம்?"

"ஒட்டலைங்க," என்றார் அண்ணி. இத்தனை வருஷத்தில் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னது அன்றைக்குத்தான்.