கலைமகள் அக்கா அளந்த பெட்ரோல்

ஹரிதாஸ் அண்ணனின் காரில் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். உயரமான கார், சேறு மலை எல்லாம் ஏறும் என்று விளம்பரத்தில் காட்டுவார்களே, அந்த வகை. அத்தனை சக்கரமும் இழுத்து அவர் போவது தினமும் மூன்று கிலோமீட்டர். புக்கிட் ரம்பாயில் எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து அதே புக்கிட் ரம்பாய் கடைவரிசையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆபீஸ் வரை. வழியில் சேறும் கிடையாது, மலையும் கிடையாது. சுராவ் தொழுகைக்கூடத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை இருக்கிறது, அவ்வளவுதான். கூரைமேல் ஒரு சாமான் பெட்டி வேறு, மூன்று வருடமாகக் காலியாக.

பசியாறும் கடையில் யார் உட்கார்ந்தாலும் கைப்பேசியை எடுத்து ஒரு படம் காட்டுவார். டேஷ்போர்டில் நூறு கிலோமீட்டருக்கு 7.2 லிட்டர். சிரம்பானுக்கு நெடுஞ்சாலையில், தொண்ணூறைத் தாண்டாமல், ஏர்கோனை அணைத்து, பின்சீட்டில் பிள்ளைகளை வேகவைத்து வாங்கிய எண் அது. அதற்கு முன்னும் பின்னும் அந்தக் கார் என்ன குடித்தது என்று அவருக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. எங்கள் பக்கம் யார் டேங்கை நிரப்புகிறார்கள்? கவுண்டரில் ஐம்பது வெள்ளி கொடுப்போம், ஊற்றுவோம், முள் இறங்கினால் மறுபடி ஐம்பது வெள்ளி. இந்த லட்சணத்தில் தாமான் வாட்ஸ்அப் குழுவில் லிட்டர் கணக்கில் சண்டை போடுவோம். அந்தக் குழுவில் வாய் அதிகம் எனக்குத்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் எழுத வந்தது அண்ணனைப் பற்றி இல்லை. அவர் மனைவி கலைமகள் அக்காவைப் பற்றி. நான் பக்கத்து வீடு.

அக்கா பிறந்தது சுங்கை ரம்பாய்க்கு உள்ளே ஒரு தோட்டத்தில். பதினெட்டு வயதில் பக்கத்து ஊரான செங்கில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஆப்பரேட்டராகச் சேர்ந்தார். இருபத்து மூன்று வருடம் ஆகிறது. பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளைப் பார்த்துப் பார்த்து, இப்போது தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு. அவருக்குப் பின்னால் வந்த நாலு பேர் லைன் லீடர் ஆகிவிட்டார்கள். இந்த வருடம்தான் அவர் பெயர் வந்தது. ஒரே ஒரு நிபந்தனை: இரவு ஷிப்டிடம் வேலையை வாங்க, தொழிற்சாலை பஸ் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். சொந்த வாகனம் உண்டா என்று பாரத்தில் எழுதித் தரவேண்டும். இரண்டு வாரம் தவணை. இல்லையென்றால் அடுத்த பெயர்.

அக்காவிடம் லைசென்ஸ் இருக்கிறது. வீட்டில் அண்ணனின் பழைய மோட்டார்சைக்கிளும் சும்மா நிற்கிறது. அதில் அவர் ஆபீஸ் போகலாம், காரை அக்கா எடுத்துக்கொள்ளலாம். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும் ஏற்பாடு. அண்ணனுக்குப் புரியவில்லை.

"நீ போற ரோட்ல லைட்டே பதினோரு லைட்டு. பிரேக்கு, ஆக்ஸிலேட்டரு, பிரேக்கு. என் ஏழு புள்ளி ரெண்டு ஒரே வாரத்துல செத்துப்போயிரும் லா."

ஒரு பெண்ணுக்கு இருபத்து மூன்று வருடம் கழித்து வரும் பதவியைவிட ஒரு புகைப்படம் பெரிதாகப் போனது. வேலிக்கு இந்தப் பக்கம் கார் கழுவிக்கொண்டிருந்த எனக்குக் காது எரிந்தது. அக்கா கோபப்படவில்லை. சரி, அளந்து பார்த்துவிடலாம் என்றார். ஒரு வாரம் நீங்கள் ஓட்டுங்கள், ஒரு வாரம் நான். யார் கையில் கார் அதிகம் குடிக்கிறதோ அவர் மோட்டார்சைக்கிளில் போகட்டும். அது நான் என்றால் பஸ்ஸிலேயே போகிறேன். அண்ணன் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

அளக்கும் முறையை அக்கா சொன்னார், நான் வாயைப் பிளந்தேன். அதே நிலையம், அதே பம்ப், கார் அதே இடத்தில் நிற்கவேண்டும். பம்ப் தானாக முதல் தடவை 'டக்' என்று நின்றதும் கையை எடுத்துவிட வேண்டும், அதற்குமேல் ஒரு சொட்டு கூடாது. ஓடிய கிலோமீட்டரைக் குறிக்க வேண்டும். வாரக் கடைசியில் மறுபடி அதே 'டக்' வரை ஊற்றினால், உள்ளே போன லிட்டர்தான் அந்த வாரம் கார் குடித்தது. டேஷ்போர்டை யாரும் பார்க்கவே வேண்டாம்.

முதல் வாரம் அண்ணன் முறை. அவர் காலை வழக்கம் தாமானுக்கே தெரியும். ஆறரைக்கு எஞ்சினை முடுக்குவார். டேஷ்போர்டு பிள்ளையாருக்குப் பூ வைப்பார், சாம்பிராணி காட்டுவார், நாலு சக்கரத்தையும் துடைப்பார், உள்ளே போய் பசியாறுவார். இருபது நிமிடம் கார் நின்ற இடத்தில் உறுமும். எஞ்சின் சூடாகாமல் எடுத்தால் பெட்ரோல் அதிகம் போகுமாம். பிறகு ஏறி உட்கார்ந்து, டேஷ்போர்டு கணக்கைப் பூஜ்ஜியத்துக்குத் தட்டிவிட்டுக் கிளம்புவார். பூஜ்ஜியத்துக்குத் தட்டுவதை அன்றுதான் நான் கவனித்தேன். அதுவரை குடித்தது எங்கே போனது என்று கேட்டேன்.

"காடி நவுரவே இல்லையே தம்பி, எப்படி எண்ணெ குடிக்கும்? அது ஓட்டுறது இல்ல. பூஜை."

இவரிடம்தான் நான் டயர் காற்று பற்றி யோசனை கேட்டிருக்கிறேன். என்னை என்ன சொல்வது.

இரண்டாம் வாரம் அக்கா ஏறினார், பெல்ட் போட்டார், அரை நிமிடத்தில் கிளம்பிவிட்டார். ஏர்கோன் முழுவதும் ஓடியது. செங் போகும் வழியில் அத்தனை லைட்டிலும் நின்றார். மாலை பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனார், பிள்ளைகளை டியூஷனுக்கு ஏற்றிப் போனார். காரை வெறும் கார் மாதிரி ஓட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை பம்ப் 'டக்' என்றது. நான்தான் எண்ணைப் படித்தேன். போன ஞாயிறு குறித்து வைத்தபடி அண்ணன் வாரம் நாற்பத்தெட்டு கிலோமீட்டருக்கு ஏழு புள்ளி எட்டு லிட்டர். நூறுக்குக் கணக்குப் போட்டால் பதினாறேகால். அக்கா வாரம் நூற்று இருபத்தாறு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு புள்ளி இரண்டு லிட்டர். பத்தைத் தொடவில்லை.

பம்ப் சரியில்லை என்றார் அண்ணன். இரண்டு வாரமும் ஒரே பம்ப் என்றார் அக்கா. முதல் 'டக்' முன்னப்பின்ன ஆகும் என்றார் அண்ணன். ஒரு லிட்டர் முன்னப்பின்ன ஆனாலும் பதினாலுக்குக் கீழே இறங்காது என்றேன் நான். என்னை முறைத்தார். நிலையத்துக் காற்றுக் குழாய்ப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்தபோது பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"லீடரு கீடரு எல்லாம் எதுக்கு கலை? பஸ்ஸு வீட்டு வாசலுக்கே வருது. நாளைக்கு ஆபீஸ்ல கேப்பானுங்க, பொண்டாட்டி காடில போறா, நீ மோட்டர்ல வர்றியான்னு."

பெட்ரோல் மூடியைத் திறக்க வாங்கிய சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. இத்தனை வருட 7.2க்குப் பின்னால் ஒளிந்திருந்தது இவ்வளவுதான். எனக்கு அவர்மேல் பரிதாபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

அக்கா அவரை நேராகப் பார்த்தார்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ங்க. ரெண்டு வாரம் பெட்ரோலப் பத்திப் பேசிட்டு இருந்தோம்."

கையை நீட்டினார். நீட்டிய கையை இறக்கவே இல்லை. பின்னால் ஒரு வேன் ஹார்ன் அடித்தது, பம்புக்காக. இன்னொரு தடவை அடித்தது. அண்ணன் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் பின்சீட்டில் போய் உட்கார்ந்தார். முன்சீட்டில் நான்.

மறுநாள் ஆறு மணிக்குக் கார் போய்விட்டது. சாயங்காலம் வேலி ஓரம் அக்கா சொன்னார். ஆறு இருபதுக்கு லைனில் நின்றாராம். இரவு லீடர் ஒரு மலாய்க்காரப் பெண், பாரத்தை வாங்கிக்கொண்டு ஒப்படைப்புத் தாளை நீட்டினாளாம். லீடர் என்று அச்சடித்த கட்டத்தில் பெயரை முழுதாக எழுதச் சொன்னாளாம். 'கலைமகள் த/பெ அங்கமுத்து' என்று முழுதாக எழுதினாராம்.

"கட்டம் சின்னது. பத்தல தம்பி. வெளிய வரைக்கும் எழுதிட்டேன்."

நல்லது அக்கா என்று மட்டும் சொன்னேன். இருபத்து நாலு பேர் அந்த லைனில். மறுநாளும் ஐந்து மணிக்கு எழவேண்டும் என்று அவர் உள்ளே போய்விட்டார்.